பூமிக்குள் புதைத்த புகைக்கு யார் காவல்?

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். போன செமஸ்டரில் எனக்கு வந்த செமினார் தலைப்பு "கரியமில வாயுவைப் பிடித்துச் சேமித்தல்". தலைப்பைக் கேட்டதும் ஹாஸ்டலில் ஒருவன், "என்னடா, புகையைப் பிடிச்சு பாட்டில்ல அடைக்கப் போறியா?" என்றான். எல்லோரும் சிரித்தோம். ஆனால் படிக்கப் படிக்க அவன் கேட்டது சரியான கேள்வி என்றுதான் தோன்றியது. பாட்டில்தான், ரொம்பப் பெரிய பாட்டில். அதன் மூடியை யார் பார்த்துக்கொள்வது, எத்தனை வருஷம் பார்த்துக்கொள்வது என்பதுதான் இந்த விஷயத்தின் மையமே.

வாயுவைப் பிடிப்பது எப்படி என்று புத்தகங்களில் பக்கம் பக்கமாக இருக்கிறது. புதைத்த பிறகு என்ன என்பதைத்தான் தேடிப் பிடித்துப் படிக்க வேண்டியிருக்கிறது. அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் அறிவியல்

நிலக்கரி எரிக்கும் மின் நிலையத்தின் புகையில் கரியமில வாயு ஏறத்தாழ 12 முதல் 15 சதவீதம்தான். மீதி பெரும்பாலும் நைட்ரஜன். அதனால் முதலில் பிரித்தெடுக்க வேண்டும். அமீன் என்ற ரசாயனக் கரைசலுக்குள் புகையைச் செலுத்தினால், கரைசல் கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அதைச் சூடாக்கினால் விட்டுவிடும். இந்தச் சூட்டுக்கு ஆகும் எரிபொருள்தான் பெரிய செலவு.

அடுத்தது அழுத்துவது. 31 டிகிரிக்கு மேல், சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் 73 மடங்குக்கு மேல் கொண்டுபோனால், கரியமில வாயு திரவமும் இல்லாமல் வாயுவும் இல்லாமல் ஒரு நடு நிலைக்குப் போகிறது. இடம் ரொம்பக் குறைவாகப் பிடிக்கும். பூமிக்கடியில் சுமார் 800 மீட்டருக்குக் கீழே இந்தச் சூடும் அழுத்தமும் இயற்கையாகவே இருக்கின்றன. அதனால்தான் அவ்வளவு ஆழம் போகிறார்கள்.

அங்கே நுண்துளைகள் நிறைந்த மணற்பாறை வேண்டும். அந்தத் துளைகளில் உப்புத் தண்ணீர் இருக்கும். அதற்கு மேல் எதையும் விடாத களிப்பாறை ஒன்று மூடி மாதிரி இருக்க வேண்டும். உள்ளே செலுத்திய வாயு தண்ணீரைவிட லேசு என்பதால் மேலே ஏறப் பார்க்கும். மூடிப் பாறை தடுக்கும். காலம் போகப் போக கொஞ்சம் துளைகளில் மாட்டிக்கொள்ளும், கொஞ்சம் தண்ணீரில் கரையும், ரொம்ப மெதுவாகக் கொஞ்சம் கல்லாகவே மாறிவிடும்.

மதுராந்தகத்துக்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். இது ஒரு தலைகீழ் ஏரி. ஏரியில் தண்ணீர் தாழ்வான பக்கம் ஓடப் பார்க்கும், கரை தடுக்கும். இங்கே வாயு மேலே ஓடப் பார்க்கும், கூரை தடுக்கும். ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிகிறது இல்லையா? அதே மாதிரி கூரைப் பாறையின் வளைவுக்கும் ஒரு விளிம்பு உண்டு. அதற்கு மேல் ஏற்றினால் பக்கவாட்டில் வழிந்து, நாம் நினைக்காத இடத்துக்குப் போய்விடும்.

சரி, நம் ஊருக்கு அடியில் புதைக்க முடியுமா? முடியாது. செங்கல்பட்டு வட்டாரத்தின் அடியில் பெரும்பாலும் இருப்பது சார்னோக்கைட் என்ற கெட்டிப் பாறை. கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இங்கிருந்து, பல்லாவரம் பக்கத்திலிருந்து போன கல் அது. அந்தக் கல்லறையை வைத்துத்தான் பாறைக்கே பெயர் வந்தது. அதில் துளையே கிடையாது, வாயு எங்கே போய் உட்காரும்? தமிழ்நாட்டில் படிவப் பாறைகள் ஆழமாக இருப்பது காவிரிப் படுகையில். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

தூத்துக்குடியில் நடந்தது

தமிழ்நாட்டில் இந்த விஷயத்துக்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில் நிலக்கரி பாய்லரின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடிக்கும் அமைப்பு 2016-ல் ஓடத் தொடங்கியது. தொழில்நுட்பம் கொடுத்தது கார்பன் கிளீன் சொல்யூஷன்ஸ். கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த இரண்டு பேர் ஆரம்பித்த நிறுவனம் அது. ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கலாம் என்றார்கள். அரசு மானியம் இல்லாமல் செய்ததால் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் செய்தி வந்தது. பிடித்த வாயுவை வைத்து சோடா உப்பு, அதாவது சோடியம் கார்பனேட் செய்தார்கள்.

படித்தபோது பெருமையாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்தச் சோடா உப்பு எங்கே போகிறது? ஒரு பகுதி சோப்புத்தூளுக்கு, ஒரு பகுதி கண்ணாடி செய்வதற்கு. கண்ணாடி உலையில் சோடா உப்பையும் மணலையும் சேர்த்து உருக்கும்போது கரியமில வாயு பிரிந்து திரும்பவும் வானத்துக்கே போகிறது. ஆலையின் பக்கம் பார்த்தால் லாபம்தான். வேறு எங்கிருந்தோ வாயு வாங்குவது மிச்சம். ஆனால் "பிடித்தது 60,000 டன்" என்பதும் "வானத்திலிருந்து குறைந்தது 60,000 டன்" என்பதும் ஒன்று இல்லை.

யூரியாவும் இப்படித்தான். ஒரு டன் யூரியாவுக்குள் சுமார் 730 கிலோ கரியமில வாயு அடங்கியிருக்கிறது. எங்கள் வீட்டுத் திண்ணையில் கிடக்கும் 45 கிலோ மூட்டைக்குள் கணக்குப் பார்த்தால் சுமார் 33 கிலோ. வயலில் போட்டால் சில நாட்களில் பெரும்பாலும் காற்றோடு கலந்துவிடும். பிடிப்பது வேறு, பயன்படுத்துவது வேறு, சேமிப்பது வேறு. மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லும்போதுதான் கணக்கு குழம்புகிறது. தரநிலை என்று ஒன்று தேவைப்படுவது இங்கிருந்தே ஆரம்பிக்கிறது. எந்த மீட்டரில் அளந்தாய், எங்கே அளந்தாய், கடைசியில் அது எங்கே போய் நின்றது? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத டன் கணக்கை நம்பக் கூடாது.

கண்காணிப்பு என்றால் என்ன?

உண்மையாகவே பூமிக்குள் புதைத்ததில் மூத்தது நார்வேயின் ஸ்லைப்னர். 1991-ல் நார்வே அரசு கடலில் நடக்கும் எண்ணெய், எரிவாயுத் தொழிலுக்குக் கார்பன் வரி போட்டது. வரி கட்டுவதைவிடப் புதைப்பது மலிவு என்று நிறுவனம் 1996-லிருந்து வடகடலுக்கு அடியில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1000 மீட்டர் ஆழத்தில் செலுத்த ஆரம்பித்தது. ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் வரை. கொள்கை ஒன்று சரியாக இருந்தால் தொழில்நுட்பம் தானாக வரும் என்பதற்கு இதைத்தான் உதாரணம் சொல்கிறார்கள்.

ஆனால் எனக்குப் பிடித்தது அங்கே நடந்த கண்காணிப்பு. செலுத்துவதற்கு முன்பே, 1994-ல், பூமிக்குள் ஒலி அலைகளை அனுப்பிப் படம் எடுத்து வைத்திருந்தார்கள். பிறகு சில வருஷத்துக்கு ஒரு முறை அதே இடத்தில் அதே மாதிரி படம். டாக்டரிடம் பழைய எக்ஸ்ரேயையும் புது எக்ஸ்ரேயையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது மாதிரி. 1999-ல் பார்த்தபோது, நடுவில் இருந்த மெல்லிய களி அடுக்குகளைத் தாண்டி வாயு மணற்பாறையின் உச்சி வரை வந்துவிட்டது தெரிந்தது. நல்லவேளை, அதற்கு மேல் இருந்த தடித்த மூடிப் பாறை நிறுத்தியது. படம் எடுக்காமல் விட்டிருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

இரண்டாவது, அல்ஜீரியாவின் இன் சாலா. 2004 முதல் 2011 வரை சுமார் 38 லட்சம் டன் செலுத்தினார்கள். வானத்தில் போகும் செயற்கைக்கோளின் ரேடார், பாலைவனத் தரை வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் எழும்புவதைக் கண்டுபிடித்தது. உள்ளே அழுத்தம் கூடுகிறது, மூடிப் பாறையின் கீழ்ப்பகுதியில் விரிசல் திறந்திருக்கலாம் என்ற சந்தேகம் வந்தது. 2011-ல் செலுத்துவதை நிறுத்தினார்கள். சில மில்லிமீட்டர்! நம் ஏரிக்கரை ஒரு அடி இறங்கினாலே நமக்குத் தெரிய நாள் ஆகும்.

மூன்றாவதுதான் வேடிக்கை. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலம் டிகேட்டர் என்ற ஊர். மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் செய்யும் ஏ.டி.எம். நிறுவனம் அங்கே வாயுவைப் புதைக்கிறது. 2024-ல் தெரிய வந்த கசிவு எங்கிருந்து என்று நினைக்கிறீர்கள்? கண்காணிப்பதற்காகவே தோண்டிய கிணற்றிலிருந்து! ஆழத்தில் குழாய் அரித்துப்போய், வாயு அனுமதி இல்லாத பாறை அடுக்குக்குள் போயிருந்தது. குடிநீருக்குப் பாதிப்பு இல்லை என்று நிறுவனம் சொன்னது. சுற்றுச்சூழல் அமைப்பு நடவடிக்கை எடுத்தது, அந்த ஆண்டு செப்டம்பரில் செலுத்துவதைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். பூமிக்குள் போடும் ஒவ்வொரு துளையும் ஒரு கண், அதே சமயம் ஒரு ஓட்டை. காவல்காரனுக்கும் ஒரு காவல் வேண்டியிருக்கிறது.

இதைப் படித்து யாரும் பயந்துவிட வேண்டாம். பருவநிலை மாற்றத்துக்கான ஐ.நா. குழு 2005-ல் வெளியிட்ட சிறப்பு அறிக்கை, இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்து ஒழுங்காக நிர்வகித்தால் 100 ஆண்டுகளில் 99 சதவீதத்துக்கு மேல் உள்ளேயே இருக்க மிகப் பெரிய வாய்ப்பு உண்டு என்று சொன்னது. அந்த வாக்கியத்தில் என் கண்ணுக்குப் பட்டது 99 அல்ல, "ஒழுங்காக நிர்வகித்தால்".

குழாயில் கொண்டுபோவதையும் மறக்கக் கூடாது. 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சட்டார்ஷியா என்ற சின்ன ஊர் அருகே, மழையில் மண் சரிந்து கரியமில வாயுக் குழாய் உடைந்தது. இந்த வாயு காற்றைவிடக் கனம், தாழ்வான இடத்தில் தேங்கும். 200 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள், 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். ஆக்சிஜன் இல்லாமல் கார் இன்ஜின்களே நின்றுபோயின.

யார் பொறுப்பு? எத்தனை வருஷம்?

இப்போது தரநிலைகளுக்கு வருவோம். ஐ.எஸ்.ஓ. 27914 என்ற தரம் 2017-ல் வந்தது. இடம் தேர்ந்தெடுப்பதிலிருந்து கிணறு கட்டுவது, கண்காணிப்பது, மூடுவது வரை அதில் இருக்கிறது. ஆனால் தரம் வேறு, சட்டம் வேறு. தரம் எப்படிச் செய்வது என்று சொல்லும். செய்யாவிட்டால் யாரைப் பிடிப்பது என்று சட்டம்தான் சொல்லும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2009-ல் சட்டம் போட்டது. செலுத்தி முடித்து மூடிய பிறகும் பொதுவாகக் குறைந்தது 20 ஆண்டுகள் நிறுவனமே பொறுப்பு. வாயு உள்ளே அடங்கிவிட்டது என்று நிரூபித்தால்தான் பொறுப்பு அரசுக்கு மாறும். மாறும்போது, குறைந்தது அடுத்த 30 ஆண்டுக் கண்காணிப்புச் செலவுக்கான பணத்தையும் கட்டிவிட்டுப் போக வேண்டும். அமெரிக்காவின் 2010 விதிகளில், மூடிய பிறகு கண்காணிக்க வேண்டிய காலம் பொதுவாக 50 ஆண்டுகள்.

இதை நம் வயதில் வைத்துப் பாருங்கள். இந்தியா 2070-க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு என்று 2021-ல் கிளாஸ்கோவில் அறிவித்தது. ஒரு பேச்சுக்கு, இங்கே ஓர் இடத்தில் 2035-ல் ஆரம்பித்து 2065 வரை செலுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பிய விதிப்படி நிறுவனம் 2085 வரை பொறுப்பு. அப்போது எனக்கு எண்பது வயது. கட்டிவிட்டுப் போன பணம் 2115 வரை தாங்கும். அதற்குப் பிறகு? அரசு. அரசு என்றால், அன்றைக்கு வரி கட்டப் போகிறவர்கள். இன்றைக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிற ஒருவரும் அன்று இருக்க மாட்டார்.

நம் ஊர் ஏரியும் உத்திரமேரூரும்

இந்த இடத்தில்தான் எனக்கு எங்கள் ஏரி ஞாபகம் வந்தது. மதுராந்தகம் ஏரியின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1790-களில் செங்கல்பட்டு சீமையின் கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். மழைக்காலத்தில் கரை உடைவதும் கட்டுவதுமாக இருந்தபோது, ஒரு மழை இரவில் கரையைப் பார்க்கப் போன கலெக்டர் வில்லேந்திய இரண்டு பேர் காவல் நிற்பதைக் கண்டார் என்றும், கரை பிழைத்தது என்றும், தாயார் சன்னதியைக் கட்டித் தந்தார் என்றும் சொல்வார்கள். அதனால்தான் "ஏரி காத்த ராமர்". நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். எனக்கு அந்தக் கதையில் பிடித்தது, கலெக்டர் ராத்திரியில் மழையில் நேரில் போய்ப் பார்த்தார் என்பது. வெறும் ஃபைலைப் பார்த்துவிட்டுத் தூங்கவில்லை.

எங்கள் தாத்தாவும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி 23 அடியைத் தொட்டால் வீட்டில் தூங்க மாட்டார். நாலைந்து பேர் டார்ச் லைட்டும் மண்வெட்டியுமாகக் கரையில் நடப்பார்கள். அவர்கள் தேடியது பெரிய உடைப்பை அல்ல. நண்டு வளை, எலி வளை. கரையின் வெளிப்பக்கம் புல்லில் ஈரம். வருகிற கசிவு தெளிவாக இருந்தால் பரவாயில்லை, கலங்கலாக வந்தால் மண் அரிக்கிறது என்று அர்த்தம். 2015 மழையின்போது நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். "ஏன் தாத்தா, ஏரிதான் வழியுதே, இனிமே என்ன?" என்று கேட்டதற்கு, "தண்ணி நிக்கிற வரைக்கும் கரைய பாக்கணும்டா. மழை விட்டுடுச்சுன்னு கரைக்குத் தெரியுமா?" என்றார். கண்காணிப்பைப் பற்றி இதுவரை நான் படித்த எதிலும் இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை.

தாத்தா ஏன் நடந்தார்? ஏரிக்குக் கீழே எங்கள் நிலம் இருக்கிறது. கரை போனால் முதலில் போவது அதுதான். காவல் காப்பவனுக்கும் இழப்புக்கும் நேரடிச் சம்பந்தம் இருந்தது. பூமிக்குள் புதைக்கும் விஷயத்தில் இந்தச் சம்பந்தம் அறுந்துவிடுகிறது. கம்பெனி ஓரிடம், அதிகாரி ஓரிடம், மேலே குடியிருப்பவர்கள் ஓரிடம். அந்தச் சம்பந்தத்தைச் சட்டத்தால்தான் திரும்ப முடிச்சுப் போட வேண்டும்.

இதற்கும் பக்கத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. உத்திரமேரூர் கல்வெட்டுகள், முதலாம் பராந்தக சோழன் காலம், 919 மற்றும் 921. பள்ளிக்கூடத்தில் குடவோலை முறை என்று மனப்பாடம் செய்தோமே, அதுதான். ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்று தனியாக ஒரு குழு, ஆறு பேர், பதவிக்காலம் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்கள் திரும்ப வர முடியாது. அதோடு விடவில்லை, அவர்களுடைய உறவினர்களும் வர முடியாது! அந்தச் சபையில் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நிலம் வைத்திருந்த, வேதம் படித்த ஆண்களுக்கான சபை அது. அதைப் பொற்காலம் என்று கொண்டாட நான் வரவில்லை. ஆனால் சேமித்து வைக்கும் ஒரு பொதுப் பொருளுக்குத் தனிக் குழு, குறிப்பிட்ட காலம், கட்டாயக் கணக்கு என்ற மூன்றும் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே கல்லில் வெட்டி வைக்கப்பட்டிருக்கின்றன.

இனி நாம் என்ன கேட்க வேண்டும்?

நிதி ஆயோக் 2022 நவம்பரில் இதற்கான கொள்கைச் சட்டக அறிக்கையை வெளியிட்டது. என்.டி.பி.சி.யின் விந்தியாச்சல் மின் நிலையத்தில் நாளுக்கு 20 டன் பிடிக்கும் சோதனை அமைப்பு 2022-ல் ஓடியது. அதாவது வேலை ஆரம்பித்துவிட்டது. இரும்பும் சிமெண்டும் செய்யும்போது வரும் வாயுவுக்கு வேறு வழி குறைவு என்பதால் இந்தத் தொழில்நுட்பம் தேவைதான் என்பது என் கருத்து. சூரிய மின்சாரம் சுண்ணாம்புக் கல்லிலிருந்து வெளிவரும் வாயுவை நிறுத்தாது.

ஆனால் இடம் என்று வரும்போது தமிழ்நாட்டில் கண் போவது காவிரிப் படுகைக்குத்தான். 2017-ல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து போராட்டம் நடந்த மண் அது. புது எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுத்து 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்த மண். அங்கே போய் "இந்த முறை எடுக்க வரவில்லை, வைக்க வந்திருக்கிறோம்" என்று சொன்னால் மக்கள் நம்ப வேண்டுமானால், முதலில் பதில் தயாராக இருக்க வேண்டும். என் பார்வையில் குறைந்தது நான்கு பதில்கள்:

1. செலுத்துவதற்கு முன்பே நிலத்தடி நீர், மண், நில மட்டம் எல்லாவற்றையும் அளந்து வெளியிட வேண்டும். முன்னால் எடுத்த படம் இல்லாமல் பின்னால் எடுக்கும் படத்தால் பயன் இல்லை.

2. கண்காணிப்பது வேறு ஆளாக இருக்க வேண்டும். செலுத்துகிற கம்பெனியே அளந்து கம்பெனியே சான்று கொடுப்பது கூடாது. அளவுகள் தமிழில், ஊராட்சி அலுவலகப் பலகையில் தெரிய வேண்டும்.

3. மூடிய பிறகான செலவுக்குப் பணத்தை ஆரம்பத்திலேயே தனியாகக் கட்டிவைக்க வேண்டும். கம்பெனி திவாலானாலும் அந்தப் பணத்தை யாரும் தொடக் கூடாது.

4. பழைய கிணறுகளின் பட்டியல் வேண்டும். எண்ணெய் தேடித் தோண்டிக் கைவிட்ட ஒவ்வொரு கிணறும் ஒரு நண்டு வளைதான்.

இதெல்லாம் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டியது, நமக்கென்ன என்று தோன்றலாம். ஆனால் புதைப்பதை முடிவு செய்கிறவர்கள் யாரும் 2085-ல் இருக்கப் போவதில்லை. நம்மில் சிலர் இருப்போம், நம் பிள்ளைகள் கட்டாயம் இருப்பார்கள். கெமிக்கல், ஜியாலஜி, சிவில் படிக்கிற நண்பர்கள் நாளைக்கு இந்த வேலைகளுக்கே போகலாம். அப்படிப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் கேட்டுவிட்டுச் சேருங்கள்: "மூடிய பிறகு முதல் ராத்திரி, யார் டார்ச் லைட் எடுத்துக்கொண்டு போகிறார்கள்? அவர்களுக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள்?"